இருட்டைச் சுற்றும் வெளிச்சம்

கருந்துளைகளைச் சூழ்ந்த வாயுத் தட்டுகளின் ஒளியைக் கணக்கிட விஞ்ஞானிகள் 1973-லிருந்து ஒரே சூத்திரத்தை நம்பிவந்திருக்கிறார்கள். சூத்திரத்தின் போக்கு சரி, அளவில் பிசகு என்கிறது வானம். பிசகு எங்கே என்று தெரிந்தால்தான் முதல் கருந்துளைகள் பிறந்த கதையும் தெரியும்.

மார்ட்டென் ஷ்மிட்டுக்கு அந்த நிறமாலை முதலில் விளங்கவில்லை. கலிஃபோர்னியாவில் பாலோமார் மலையின் 200 அங்குல டெலஸ்கோப்பில் பதிவானது அது. 3சி 273 என்று ரேடியோ வானியல் பட்டியலில் இடம்பெற்றிருந்த அந்தப் பொருள் பார்வைக்குச் சாதாரண நட்சத்திரம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் எந்த நட்சத்திரத்திலும் காணாத கோடுகள். 1963 பிப்ரவரி 5-ந் தேதி விஷயம் பிடிபட்டது. அவை புதிய கோடுகள் அல்ல, பழகிய ஹைட்ரஜன் கோடுகள்தான். கிட்டத்தட்ட 16 சதவிகிதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்ததால் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. பிரபஞ்சம் விரிவதால் ஏற்படும் நகர்வு அது. அப்படியானால் அந்த ‘நட்சத்திரம்’ 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருந்தாக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து அமெச்சூர்களின் டெலஸ்கோப்பில்கூடத் தெரிகிறது என்றால், அதன் பிரகாசம் சுமார் 4 லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமம்.

அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. இந்த வகைப் பொருள்களின் பிரகாசம் வருடத்துக்கு வருடம், சிலவற்றில் வாரத்துக்கு வாரம் கூடிக் குறைவது தெரியவந்தது. ஒரு பொருள் தன்னை ஒளி கடந்துபோக ஆகும் நேரத்தைவிடச் சீக்கிரமாக, ஒட்டுமொத்தமாக மினுக்க முடியாது. ஆகவே ஒரு காலக்ஸியின் கோடானுகோடி நட்சத்திரங்களையும் தோற்கடிக்கும் அந்த வெளிச்சம், ஒப்பீட்டில் நம் சூரிய மண்டலத்தைப் போன்ற ஒரு சின்ன இடத்திலிருந்து வருகிறது. க்வாஸார் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அவ்வளவு உக்கிரம் இல்லாவிட்டாலும் இதே ரகத்தில் நடுப்பகுதி ஜொலிக்கும் காலக்ஸிகள் நமக்குப் பக்கத்திலும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஆக்டிவ் காலக்ஸி’ என்பது பொதுப் பெயர்.

இவ்வளவு சக்தி எங்கிருந்து? சூரியனை எரியவைக்கும் அணுச்சேர்க்கை போதாது. ஒரு கிலோ ஹைட்ரஜன் ஹீலியமாக மாறினால் அதில் 0.7 சதவிகித நிறைதான் சக்தியாகிறது. இதைவிடச் சிக்கனமான அடுப்பு வேண்டும். 1964-ல் அமெரிக்காவில் எட்வின் சால்பீட்டரும் சோவியத் யூனியனில் யாகோவ் ஸெல்டோவிச்சும் ஒருவரையொருவர் கலக்காமலே ஒரு விடை சொன்னார்கள்: ராட்சதக் கருந்துளைக்குள் விழும் வாயு. விழுந்த பிறகு எதுவும் வெளியே வராது. ஆனால் விழும் வழியில் சூடேறி ஒளிரலாம். சுழலாத கருந்துளையானால் விழும் நிறையில் சுமார் 6 சதவிகிதமும், உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையானால் 40 சதவிகிதம் வரையிலும் சக்தியாக வெளியேற முடியும். அந்த வாயு தட்டு வடிவில் சுற்றிச் சுற்றி இறங்கும் என்பதை வைத்து, காலக்ஸிகளின் நடுவே பழைய க்வாஸார்கள் பதுங்கியிருக்கும் என்று 1969-ல் எழுதினார் பிரிட்டனின் டொனால்ட் லிண்டன்-பெல்.

தட்டு ஏன்? கருந்துளையை நோக்கி வரும் வாயுவுக்குக் கொஞ்சமாவது பக்கவாட்டு வேகம் இருக்கும். கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றிக்கொண்டே கயிற்றை விரலில் சுற்றினால் கல்லின் வேகம் கூடும். அதைப்போல நெருங்க நெருங்க வாயுவின் சுழற்சியும் கூடுகிறது. நேராக உள்ளே விழ முடியாமல் குயவர் சக்கரம்போலத் தட்டையாகப் பரவிச் சுற்றுகிறது. உள்வளையங்கள் வேகமாகவும் வெளிவளையங்கள் மெதுவாகவும் ஓடுவதால் ஒன்றையொன்று உரசுகின்றன. உரசலில் உள்வளையம் தன் சுழற்சியில் கொஞ்சத்தை வெளிவளையத்துக்குக் கொடுத்துவிட்டு மேலும் உள்ளே சரிகிறது. உரசினால் சூடு. சூடானால் ஒளி. ஆங்கிலத்தில் அக்ரீஷன் டிஸ்க் எனப்படும் இந்தத் தட்டின் கதை மொத்தமும் இவ்வளவுதான்.

சிக்கல் அந்த உரசலில் இருக்கிறது. வாயு மூலக்கூறுகள் சாதாரணமாக ஒன்றோடொன்று மோதி ஏற்படும் உரசல் மிக அற்பம். அதை மட்டும் நம்பினால் வாயு கருந்துளையை அடையப் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆக, வாயுவில் ஏதோ கொந்தளிப்பு இருந்து உரசலைப் பெருக்க வேண்டும். என்ன கொந்தளிப்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மாஸ்கோவில், முப்பது வயதையொட்டிய நிக்கோலாய் ஷகூராவும் ரஷீத் சுன்யாயெவும் 1973-ல் துணிச்சலான குறுக்குவழி ஒன்றைக் கண்டார்கள். தெரியாத அத்தனையையும் ஒரே எண்ணில் அடைத்து, அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். கொந்தளிப்பால் வரும் உரசல், தட்டின் அழுத்தத்தில் ஆல்ஃபா பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியது. ஆல்ஃபா ஒன்றைவிடச் சிறியது. அவ்வளவுதான். அறியாமையை எண்ணாக மாற்றிய இந்தக் கட்டுரை வான இயற்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது.

தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஒளியைக் கணக்கிட்டார்கள்? இங்கேதான் சூத்திரத்தின் அழகும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வாயு ஒரே சீராக உள்ளே இறங்கினால், ஒவ்வொரு வளையமும் இழக்கும் ஈர்ப்புச் சக்தி அந்த இடத்திலேயே ஒளியாக வெளியேறியாக வேண்டும். வரவும் செலவும் சரிக்குச் சரி. உரசல் எப்படி நடந்தது என்பது இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல. ஒரு வருஷத்தில் எவ்வளவு வாயு விழுகிறது, கருந்துளையின் நிறை எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தால் ஒவ்வொரு வளையத்தின் வெப்பமும் கிடைத்துவிடும். தூரம் 10 மடங்கானால் வெப்பம் சுமார் ஐந்தரை மடங்கு குறையும். கொல்லன் உலையில் காய்ச்சிய கம்பி நுனியில் வெண்மையாகவும் தள்ளிப்போகப் போக மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரிவதைப் போல, தட்டின் உள்வளையம் புற ஊதாவிலும் நடுவளையம் நீலத்திலும் வெளிவளையம் சிவப்பிலும் ஒளிரும். எல்லா வளையங்களின் நிறங்களையும் கூட்டினால் தட்டின் நிறமாலை தயார்.

இன்னொரு விசித்திரமும் இதிலிருந்து கிடைத்தது. பெரிய கருந்துளையின் தட்டு சின்னதன் தட்டைவிடக் குளிர்ச்சியானது. நன்றாகத் தீனி கிடைக்கும் நிலையில், 10 சூரிய நிறையுள்ள கருந்துளையின் தட்டு ஏறக்குறைய ஒரு கோடி டிகிரியில் எக்ஸ் கதிர்களை வீசும். 10 கோடி சூரிய நிறையுள்ள ராட்சதனின் தட்டோ ஒன்றிரண்டு லட்சம் டிகிரியோடு நின்று புற ஊதாவில் ஒளிரும். க்வாஸார்களின் நிறமாலையில் நீலம், புற ஊதாப் பக்கம் ஒரு மேடு தெரிவது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 3சி 273-ன் அந்த மேடு தட்டின் வெப்ப ஒளிதான் என்று 1978-ல் வாதிட்டார் அமெரிக்கரான க்ரெகரி ஷீல்ட்ஸ். சூத்திரம் வேலை செய்தது.

அடுத்த வருஷமே அதற்கு ஒரு முகமும் கிடைத்தது. பிரான்ஸின் ஜான்-பியர் லுமினே துளையிட்ட அட்டைகளை விழுங்கும் ஐ.பி.எம். 7040 கம்ப்யூட்டரில், தட்டிலிருந்து கிளம்பும் ஒளி எந்தெந்த வழியாக வளைந்து வரும் என்று கணக்கிட்டார். படம் வரையும் கருவி கைவசம் இல்லை. எண்களைப் பார்த்துப் பார்த்து இந்தியன் இங்க்கில் புள்ளி புள்ளியாகக் கையாலேயே வரைந்தார். கருந்துளைக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய தட்டின் பின்பாதி, ஒளி வளைவதால் தலைக்கு மேலே வளையமாக எழும்பித் தெரிந்தது. பார்ப்பவரை நோக்கிச் சுழன்று வரும் பக்கம் பளிச்சென்றும் விலகிப்போகும் பக்கம் மங்கியும் இருந்தது. 40 வருஷம் கழித்து, 2019 ஏப்ரலில், எம்87 காலக்ஸியின் கருந்துளையை உலகளாவிய ரேடியோ டெலஸ்கோப்புகளின் கூட்டணி படம்பிடித்தபோது, ஒரு பக்கம் பிரகாசமான அதே மாதிரி வளையத்தை உலகம் பார்த்தது. எம்87-ஐச் சுற்றுவது மெல்லிய தட்டு அல்ல, உப்பிய சூடான வாயு என்றாலும், ஒளி வளையும் விதி ஒன்றுதான்.

கொந்தளிப்பின் மர்மம் அவிழ்ந்தது 1991-ல். தட்டில் மிக பலவீனமான காந்தப்புலம் இருந்தாலே போதும், அது ரப்பர் நாடா போல வளையங்களைப் பிணைத்து இழுத்து, சீரான ஓட்டத்தைக் கொந்தளிப்பாக்கிவிடும் என்று வர்ஜினியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் காட்டினார்கள். கொஞ்ச நாளில் ஒரு பழைய சங்கதி வெளிப்பட்டது. இதே நிலையின்மையை 1959-ல் ரஷ்யாவின் வெலிகோவும், 1960-ல் சென்னை மாநிலக் கல்லூரியின் பழைய மாணவர் சுப்ரமண்யன் சந்திரசேகரும் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழலும் திரவத்தைப் பற்றிய கணக்கு அது. 1961-ல் வெளியான சந்திரசேகரின் தடித்த புத்தகத்திலும் இருந்தது. கருந்துளைத் தட்டுகளைப் பற்றி யாரும் அப்போது யோசிக்காததால் 30 வருஷம் அலமாரியில் தூங்கியது.

இங்கே சரித்திரத்தின் குறும்பு ஒன்றும் உண்டு. தட்டு எவ்வளவு பிரகாசமாக ஒளிரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒளியின் அழுத்தமே விழும் வாயுவை வெளியே தள்ளிவிடும். அதற்கு எடிங்டன் வரம்பு என்று பெயர். 1935-ல் லண்டனில் இளைஞர் சந்திரசேகரின் நட்சத்திர நிறை வரம்பைச் சபையில் கேலி செய்த அதே ஆர்தர் எடிங்டன். அன்று மோதிக்கொண்ட இருவரும் இன்று ஒரே தட்டின் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஆனால் தட்டு இன்னும் சண்டித்தனம் செய்கிறது. முதல் எச்சரிக்கை சூத்திரத்துக்கு உள்ளிருந்தே வந்தது. பிற்பாடு நாவலாசிரியராகவும் புகழ்பெற்ற ஆலன் லைட்மேனும் டக்ளஸ் எர்ட்லியும் 1974-லேயே ஒன்றைக் கவனித்தார்கள். ஒளியின் அழுத்தம் ஓங்கியிருக்கும் உட்பகுதியில், சூத்திரப்படியே தட்டு நிலைத்திருக்கக் கூடாது. துண்டு துண்டாகச் சிதைய வேண்டும். வானத்தில் தட்டுகளோ பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தன.

அடுத்தது அளவு. 24 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள என்.ஜி.சி. 5548 என்ற காலக்ஸியை 2014-ல் சுமார் ஆறு மாதம், ஏறக்குறைய தினமும் ஒரு தடவை, ஹப்பிள் டெலஸ்கோப் புற ஊதாவில் பார்த்தது. ஸ்விஃப்ட் செயற்கைக்கோளும் தரையிலுள்ள டெலஸ்கோப்புகளும் கூடவே எக்ஸ் கதிரிலிருந்து சிவப்பு வரை கண்காணித்தன. உத்தி எளிமையானது. கருந்துளைக்கு மிக அருகே பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு மேகம் ஒன்று, கூடத்தின் நடுவே தொங்கும் விளக்கு மாதிரி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. விளக்கு மினுக்கினால் பக்கத்து வளையம் முதலிலும் தூரத்து வளையம் பிறகும் பதிலுக்கு மினுக்கும். புற ஊதாவுக்கும் சிவப்புக்கும் இடையே எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் வளையங்களின் தூரம் தெரிந்துவிடும். நிறத்துக்கு நிறம் தாமதம் கூடிக்கொண்டே போனது, சூத்திரம் சொன்ன போக்கில்தான். ஆனால் தட்டின் அளவு எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு!

இது தனிப்பட்ட ஒரு காலக்ஸியின் முரண்டு அல்ல. தொலைதூர க்வாஸாரின் ஒளி, வழியில் குறுக்கிடும் காலக்ஸியின் நட்சத்திரங்களால் லென்ஸ் போலக் குவிக்கப்பட்டு மினுக்குவது உண்டு. சின்னத் தட்டானால் மினுக்கல் அதிகம், பெரிய தட்டானால் குறைவு. இந்த முற்றிலும் வேறான வழியில் அளந்தவர்களும், பிரகாசத்தை வைத்துச் சூத்திரம் சொல்வதைவிடத் தட்டு சில மடங்கு பெரியது என்றே கண்டார்கள்.

மூன்றாவது அடி காலக்கணக்கில். நிறமாலைக்கு ஆல்ஃபா தேவையில்லை. ஆனால் வரத்து குறைந்தால் தட்டு மங்க எவ்வளவு காலம் ஆகும் என்பது ஆல்ஃபாவைப் பொறுத்தது. ராட்சதக் கருந்துளைத் தட்டுக்கு அது ஆயிரக்கணக்கான வருஷங்கள். ஸ்டெஃபனி லமாஸா குழுவினர் 2015-ல் அறிவித்த ஒரு க்வாஸாரோ 2000-க்கும் 2010-க்கும் நடுவில் ஆறில் ஒரு பங்காக மங்கிவிட்டது. அதன்பின் இதுபோல வேஷம் மாற்றும் காலக்ஸிகள் வரிசையாக அகப்பட்டிருக்கின்றன. ஆல்ஃபாவின் மதிப்பிலேயே தகராறு உண்டு. இரட்டை நட்சத்திரங்களின் தட்டுகளைப் பார்த்தால் 0.1-லிருந்து 0.4 வரை வருகிறது. காந்தக் கொந்தளிப்பைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

ரிப்பேர் வேலைகள் பல திசைகளில் நடக்கின்றன. தாமதத்தில் ஒரு பகுதி தட்டினுடையதே அல்ல, அதற்கு வெளியே மிதக்கும் வாயு மேகங்கள் திருப்பி வீசும் ஒளி கலந்துவிடுகிறது என்பது ஒரு கட்சி. எக்ஸ் கதிர் விளக்கு நினைத்ததைவிட உயரத்தில் தொங்குகிறது, ஐன்ஸ்டீனின் விதிகளை முழுமையாகச் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி பெரிதும் மறைகிறது என்பது இன்னொரு கட்சி. யான்-ஃபெய் ஜியாங் குழுவினர் 2016-ல் கவனத்தை இரும்பின் பக்கம் திருப்பினார்கள். தட்டில் கொஞ்சமே இருக்கும் இரும்பு அணுக்கள் புற ஊதா ஒளியை வெளியேறவிடாமல் தடுத்து, தட்டைத் தடிக்கவைத்து, அது சிதையாமலும் காக்கின்றன என்றது அவர்கள் கணக்கு. 2024-ல் ஃபிலிப் ஹாப்கின்ஸ் குழுவினர் காலக்ஸி அளவிலிருந்தே தொடங்கி வாயுவைக் கருந்துளை வரை கம்ப்யூட்டரில் பின்தொடர்ந்தபோது, தட்டைத் தாங்கி நிறுத்தியது வெப்பமோ ஒளியோ அல்ல, காந்தப்புலம். அந்தத் தட்டு 1973-ன் மெல்லிய தட்டைவிட மிகத் தடிமனானது.

இந்த விசாரணையில் இந்தியாவின் சாட்சியமும் உண்டு. 2015 செப்டம்பர் 28-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் சிறப்பே, தட்டு ஒளிரும் புற ஊதாவையும் விளக்கு எரியும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியும் என்பதுதான். அதன் புற ஊதா டெலஸ்கோப்பை வைத்துப் பக்கத்துக் காலக்ஸிகள் சிலவற்றை ஆராய்ந்த புணே ஐயூகா மையத்தினர், 2023-ல் வெளியிட்ட கட்டுரையில், சிலவற்றின் நிறமாலை சூத்திரம் சொல்வதைவிடச் சிவந்திருப்பதாகக் கண்டார்கள். தட்டு கருந்துளையின் விளிம்பு வரை போகாமல் பாதியிலேயே முடிந்துவிடுகிறதோ என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி.

தட்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் யாருக்கு என்ன? நிறையப் பேருக்கு. ஒரு கருந்துளை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று சொல்வது தட்டுதான். விழும் நிறையில் 10 சதவிகிதம் ஒளியாகிறது, எடிங்டன் வரம்பில் ஒளிர்கிறது என்று வைத்துக்கொண்டால் கருந்துளையின் நிறை சுமார் மூன்றரைக் கோடி வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். 30 சதவிகிதம் ஒளியானால் அதற்கு 13 கோடி வருஷத்துக்கு மேல் பிடிக்கும்.

2023-ல் சந்திரா, ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்புகள் சேர்ந்து கண்டுபிடித்த யு.எச்.இஸட்.1 காலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபஞ்சம் பிறந்து 47 கோடி வருஷமே ஆன நிலையில் அதன் நடுவே ஏற்கெனவே ஒரு ராட்சதக் கருந்துளை. எடிங்டன் வரம்பில் ஒளிர்வதாகக் கொண்டால் நிறை சுமார் 4 கோடி சூரியன்கள். செத்த நட்சத்திரத்தின் 100 சூரிய நிறைக் கருந்துளை அந்த எடைக்கு வளர 18 அல்லது 19 தடவை இரட்டிக்க வேண்டும். மூன்றரைக் கோடியால் பெருக்கினால் 65 கோடி வருஷம். பிரபஞ்சத்தின் அப்போதைய வயதைவிடக் கூடுதல்! எனவே கருந்துளை பிறக்கும்போதே கனமாகப் பிறந்திருக்க வேண்டும், பிரம்மாண்ட வாயு மேகம் நட்சத்திரமாகாமல் நேரடியாகச் சரிந்திருக்க வேண்டும் என்ற வாதம் வலுக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன் பல வருஷங்களாக எடுத்துச் சொல்லிவரும் கருத்து இது. தட்டு தடித்திருந்து வரம்பை மீறி வாயுவை விழுங்க முடிந்தாலோ சின்ன விதையும் போதும். கருந்துளைகளின் பிறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியது தட்டின் சூத்திரம். அதுவே கூண்டில் நிற்கிறது.

தீர்ப்புக்குக் கொஞ்ச காலம் ஆகும். 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட, சிலி நாட்டின் வேரா ரூபின் டெலஸ்கோப் பத்து வருஷத் திட்டத்தில் தெற்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கப்போகிறது. லட்சக்கணக்கான க்வாஸார்களின் மினுக்கல் பதிவாகும். என்.ஜி.சி. 5548-க்கு ஆறு மாதம் தவம் கிடந்து கிடைத்த தாமதக் கணக்கு, ஏராளமான தட்டுகளுக்குக் கிடைக்க வழியுண்டு. எத்தனை தட்டுகள் பெரியவை, எவை வேஷம் மாற்றுபவை, எந்த நிறைக்கு எந்தப் பிசகு என்று அப்போது வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

அதுவரை 1973-ன் சூத்திரம் ஓய்வுபெறாது. அதைவிட எளிமையாக, ஒரு காகிதத்தில் ஒரு க்வாஸாரின் நிறத்தைச் சொல்லும் மாற்று இன்னும் வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் இரண்டு ரஷ்யர்கள் தங்களுக்குத் தெரியாததை மறைக்காமல் ஓர் எழுத்தைக் கொடுத்து மேஜைமேல் வைத்தார்கள். இன்று இத்தனை டெலஸ்கோப்புகளும் கம்ப்யூட்டர்களும் மும்முரமாகத் தேடிக்கொண்டிருப்பது அந்த ஓர் எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.